குத்துவதா, எறிவதா, ஊன்றுவதா: பழைய மறைநூல்களில் ஈட்டியைப் படிக்கும் முறை

வேல் என்றால் ஞானம், சூலம் என்றால் முக்குணம், ஈட்டி என்றால் அதிகாரம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவதுண்டு. இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி விடையை மட்டும் எழுதிக்கொள்வதைப் போன்றது அது. வழி தெரியாமல் விடை மட்டும் தெரிந்தால், அடுத்த கணக்கில் மாட்டிக்கொள்வோம்.

பழைய நூல்களைப் பாடியவர்களும் கேட்டவர்களும் ஈட்டியைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். அது எங்கே முறியும், எங்கே துருப்பிடிக்கும், எறிந்துவிட்டால் கை என்ன ஆகும் என்பதெல்லாம் அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். நமக்குத் தெரியாது. அதனால் பொருளிலிருந்து தொடங்குவோம், குறியீடு பின்னால் வரும். மறைநூல் என்ற சொல்லையும் கொஞ்சம் அகலமாகவே வைத்துக்கொள்ளலாம்: வேதம், இதிகாசம், பாலி சுத்தங்கள் (புத்தரின் போதனை உரைகள்), விவிலியம், குர்ஆன் ஆகியவற்றோடு சங்கப் பாட்டும் குறளும் இங்கே வரும்.

முதலில் உறுப்புகள்

ஈட்டிக்கு நான்கு பகுதிகள். நுனியில் இருக்கும் உலோகத் தகட்டைத் தமிழ் 'இலை' என்கிறது, பழைய தமிழ் விவிலியம் 'அலகு' என்கிறது. அந்த இலையைக் கம்போடு சேர்க்கும் இடம் இரண்டு விதமாக அமையும். ஒன்று, இலையின் அடி குழலாக உருட்டப்பட்டு அதற்குள் கம்பு நுழையும். இன்னொன்று, இலையின் அடி வால்போல நீண்டு கம்புக்குள் நுழையும். மூன்றாவது கம்பு. சங்கத் தமிழில் அதற்குக் 'காழ்' என்று பெயர். நான்காவது, பலரும் மறந்துவிடும் அடிப்பகுதி. கம்பு பிளக்காமல் இருக்கவும் தரையில் ஊன்றவும் அங்கே ஒரு பூண் அல்லது முள் இருக்கும்.

கையில் பிடித்துக் குத்தும் ஈட்டி பெரும்பாலும் ஆள் உயரத்தைத் தாண்டும். 2 முதல் 2.5 மீட்டர் நீளம், ஒன்றரை கிலோவை ஒட்டிய எடை. எறியும் ஈட்டி அதைவிடக் குட்டை, ஒரு கிலோவுக்கும் குறைவு. வாளுக்கு முழு நீளமும் நல்ல இரும்பு வேண்டும். ஈட்டிக்கு ஒரு சாண் இரும்பு போதும், மற்றதெல்லாம் மரம். ஆகவே பழங்காலப் படைகளில் சாதாரண வீரன் கையில் இருந்தது ஈட்டிதான். மண்ணைத் தோண்டும்போது வேல்முனை மட்டும் கிடைப்பதும் இதனால்தான். மரம் மக்கிப் போயிருக்கும். ஆதிச்சநல்லூர் தாழிகளோடு கிடைத்த இரும்பு வேல்முனைகளும் அப்படிக் காம்பிழந்து கிடந்தவையே.

இதையெல்லாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு ஒன்றே போதும். அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாருக்கு, தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் பாடுகிறார்: இவையோ மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, திரண்ட வலிய காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அவையோ (அதியமானின் வேல்கள்) பகைவரைக் குத்தி விளிம்பும் நுனியும் சிதைந்து, எப்போதும் கொல்லன் பட்டறையின் சின்னக் குடிசையில் கிடக்கின்றன.

மேலோட்டமாகப் படித்தால் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. ஆயுதத்தைப் பராமரித்தவர் காதில் அது வேறாக விழும். காம்பைத் திருத்துவது எதற்கு? சும்மா கிடக்கும் மரம் வளையும். நெய் எதற்கு? எடுக்காமல் வைத்த இரும்பு துருப்பிடிக்கும். நுனி சிதைவது எப்போது? எலும்பிலும் கவசத்திலும் மோதினால். பாட்டில் வரும் ஒவ்வொரு பராமரிப்பு வேலையும், உன் வேல் போருக்குப் போனதே இல்லை என்பதற்கான சாட்சி. பளபளப்பை வீரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் வாசகர் இங்கே தொண்டைமான் பக்கம் போய் நின்றுவிடுவார்.

அடிப்பகுதிக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விவிலியத்தின் இரண்டாம் சாமுவேல் 2:23இல், தன்னை விடாமல் துரத்திவரும் எதிரணி வீரன் ஆசகேலைப் படைத்தலைவன் அப்னேர் கொல்கிறான். ஈட்டியின் முனையால் இல்லை, பின்பக்கத்தால். கட்டையால் குத்தினால் வயிற்றைத் துளைத்து முதுகுப்பக்கம் வருமா என்று படிப்பவர் குழம்புவார். அடியில் ஊன்றுமுள் இருந்தது என்று வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். காட்சியும் தெளிவாகும். அப்னேர் முகம் திருப்பாமலே பின்னால் குத்தினான் என்று படிக்கலாம். "விலகிப் போ" என்று இரண்டு முறை சொன்னவன் அவன். முகம் பார்த்துக் கொல்ல மனமில்லாத ஒருவனை அந்த அடிமுள் காட்டிக்கொடுக்கிறது.

பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லைப் பிடியுங்கள்

ஒரு வரியில் ஈட்டி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதை என்ன செய்கிறார்கள் என்பதை. எறிகிறார்களா, குத்துகிறார்களா, ஊன்றுகிறார்களா, நீட்டுகிறார்களா? குறிப்பு பெரும்பாலும் இந்த வினையில்தான் ஒளிந்திருக்கும்.

எறிவதில் ஒரு சிக்கல் உண்டு. எறிந்த ஈட்டி போனது போனதுதான். தவறினால் எதிரி அதையே எடுத்துத் திருப்பி எறியலாம். தைத்தாலும் எறிந்தவன் கை வெறுங்கை. குறள் 774 இந்த வெறுங்கையின் மேல்தான் நிற்கிறது:

கைவேல் களிற்றொடு போக்கி வருபவன்
மெய்வேல் பறியா நகும்.

கையிலிருந்த ஒரே வேலை யானைமேல் எறிந்துவிட்டான். இப்போது அடுத்த எதிரிக்கு வேல் வேண்டும். பார்க்கிறான், தன் உடம்பிலேயே ஒன்று தைத்து நிற்கிறது. பறித்துக்கொண்டு சிரிக்கிறான். புண்ணைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை, ஆயுதம் கிடைத்த மகிழ்ச்சி அது. எறிந்த வேல் திரும்பாது என்பது தெரிந்தால்தான் இந்தச் சிரிப்பு புரியும்.

மகாபாரதத்தில் கர்ணனின் சக்தியும் இதே விதியில் ஓடுகிறது. கவச குண்டலங்களை வாங்கிக்கொண்டு இந்திரன் கொடுத்த ஈட்டி அது. நிபந்தனையும் கூடவே வந்தது: ஒரே ஒருவனைத்தான் கொல்லும், பிறகு இந்திரனிடமே போய்விடும். அர்ச்சுனனுக்கென்று கர்ணன் அதைப் பொத்தி வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோற்கசனைத் தடுக்க வேறு வழியில்லாமல் எறிந்துவிட்டான். உயிரோடு ஒட்டிய கவசத்தைக் கொடுத்து, ஒரே முறை பயன்படும் பொருளை வாங்கிய கொடுக்கல் வாங்கல் அது. தெய்வ ஆயுதம் என்று பெயர் இருந்தாலும் சாதாரண எறியீட்டியின் குறை அப்படியே இருக்கிறது, போனால் வராது.

அதே மகாபாரதத்தின் வனபருவத்தில் கந்தனின் கதை வருகிறது. அங்கே அவன் கையில் இருப்பதற்கும் சக்தி என்றே பெயர். ஆனால் எறிய எறியப் பகைவரை ஆயிரக்கணக்கில் கொன்று, மறுபடி மறுபடி அவன் கைக்கே திரும்பி வருகிறது. கந்தபுராணத்தில் சூரபதுமனைப் பிளந்த வேலும் கங்கையில் மூழ்கிவிட்டு முருகன் கைக்கு வருகிறது. எந்தப் போர்வீரனாலும் செய்ய முடியாதது எதுவோ அதைத் தெய்வத்தின் கையில் வைத்துக் காட்டுகிறார்கள். திரும்பி வரும் வேல் என்பது வெறும் மாயாஜாலம் என்று தோன்றினால், எறிந்துவிட்டு வெறுங்கையோடு நின்றவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

குத்துவது இதற்கு நேர்மாறு. ஆயுதம் கையை விட்டுப் போவதில்லை. பொறுப்பும் போவதில்லை. குத்துபவன் குத்தப்படுபவனுக்கு இரண்டு எட்டுத் தொலைவில் நிற்க வேண்டும். விவிலியத்தின் எண்ணாகமம் 25இல் குருவின் மகன் பினெகாஸ் ஈட்டியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள்ளேயே போய் இருவரைச் சேர்த்துக் குத்துகிறான். எபிரேயத்தில் அங்கே வரும் வினை 'தகர்', குத்தித் துளைப்பது. சகரியா 12:10இல், தாங்கள் குத்தினவரை அவர்கள் நோக்கிப் பார்ப்பார்கள் என்ற வரியிலும் அதே வினை. அந்த வரியைத்தான் யோவான் நற்செய்தி 19:37 எடுத்துச் சொல்கிறது, போர்வீரன் இயேசுவின் விலாவில் குத்திய நிகழ்ச்சிக்குப் பிறகு.

இந்த நிகழ்ச்சியைப் பற்றி நிறையக் கலப்படம் உலவுகிறது. நூலில் இருப்பது கொஞ்சம்தான். சிலுவையில் இருந்த மற்ற இருவரின் கால்களை முறித்தார்கள். இயேசு ஏற்கெனவே இறந்திருந்ததால் கால்களை முறிக்கவில்லை. ஒரு வீரன் ஈட்டியால் விலாவில் குத்தினான். இரத்தமும் தண்ணீரும் வந்தன. நான்கு நற்செய்திகளில் யோவான் மட்டுமே இதைச் சொல்கிறது. வீரனுக்குப் பெயர் இல்லை. லோங்கினுஸ் என்ற பெயர் பின்னால் வந்த நூல்களில் ஏறியது, ஈட்டிக்கான கிரேக்கச் சொல் 'லொங்கே' என்பதை ஒட்டி. அந்த ஈட்டி எங்களிடம்தான் இருக்கிறது என்று வியன்னாவிலும் ரோமிலும் ஆர்மீனியாவின் எச்மியாட்சினிலும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். யோவானுக்கு ஈட்டி முக்கியமே இல்லை. குத்தியதும், அதைப் பார்த்த சாட்சி ஒருவர் இருந்ததுமே முக்கியம்.

நீட்டுவதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். யோசுவா 8இல், ஆயி பட்டணத்துக்கு நேராகக் கையிலிருப்பதை நீட்டு என்ற கட்டளை வருகிறது. நீட்டிய கையைப் போர் முடியும்வரை இஸ்ரவேலரின் தலைவன் யோசுவா மடக்கவில்லை. அந்த ஆயுதம் யாரையும் தொடவே இல்லை. யாத்திராகமம் 17இல் மோசே மலையுச்சியில் கையை உயர்த்தி நின்றதோடு இதை வைத்துப் படிக்க வேண்டும். அப்போது மோசே கையில் இருந்தது கோல், கீழே போரிட்டவன் இதே யோசுவா.

சவுலின் ஈட்டி

ஊன்றுவதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு பாத்திரத்தின் வீழ்ச்சியை ஒரே பொருளை வைத்துச் சொல்லிமுடித்த இடம் மறைநூல்களில் இதைவிடத் தெளிவாக வேறில்லை என்பது எங்கள் எண்ணம். சாமுவேலின் முதல் புத்தகத்தில் சவுல் அரசன் வரும் இடங்களில் ஈட்டியை மட்டும் தொடர்ந்து பாருங்கள்.

அதிகாரம் 13: பகை இனத்தாரான பெலிஸ்தர் இஸ்ரவேலில் கொல்லர்களே இல்லாதபடி செய்துவிட்டார்கள். கொழுவைத் தீட்டக்கூட அவர்களிடம்தான் போக வேண்டும். போர் நாளில் வாளும் ஈட்டியும் இருந்தது சவுலிடமும் அவன் மகன் யோனத்தானிடமும் மட்டுமே. அதாவது ஈட்டி இங்கே அரச குடும்பத்தின் அடையாளம்.

அதிகாரம் 17: எதிரில் பெலிஸ்தரின் மாவீரன் கோலியாத். அவன் தலைச்சீராவும் கவசமும் கால்கவசமும் வெண்கலம். ஈட்டியின் அலகு மட்டும் இரும்பு, 600 சேக்கல். ஒரு சேக்கல் சுமார் 11.4 கிராம் என்று கொண்டால் அலகு மட்டுமே ஏழு கிலோவை நெருங்கும். இவ்வளவு கனத்தை எப்படி எறிவான் என்று கணக்குப் போடுவதைவிட, கொல்லன் இல்லாத நாட்டுக்கு முன்னால் அவ்வளவு இரும்பைத் தூக்கிக் காட்டுகிறான் என்று படிப்பது மேல். அந்த ஈட்டியின் தாங்கு நெய்கிறவர்களின் படைமரம் போல இருந்தது என்கிறது நூல். பருமனைச் சொல்கிறது என்பது வழக்கமான விளக்கம். தறிமரத்தில் நூல்கண்ணிகள் தொங்குவதுபோல, எறியும்போது சுழற்சி கொடுக்கும் கயிற்றுக்கண்ணி அதில் இருந்தது என்பது தொல்லியலாளர் யிகேல் யாதின் சொன்ன விளக்கம்.

அதிகாரம் 18: கோலியாத்தை வீழ்த்திய தாவீது சுரமண்டலம் வாசிக்கிறான், சவுல் கையில் ஈட்டி. சுவரோடு சேர்த்துக் குத்திவிடுவேன் என்று எறிகிறான். தாவீது இரண்டு முறை விலகிக்கொள்கிறான். அதிகாரம் 19: மறுபடியும், ஈட்டி சுவரில் தைக்கிறது. அதிகாரம் 20: இம்முறை சொந்த மகன் யோனத்தான்மேல். அதிகாரம் 22: ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான், சுற்றிலும் ஊழியர்கள். கையில் செங்கோல் இருக்க வேண்டிய இடத்தில் ஈட்டி.

இந்தக் காட்சிக்கு இரண்டு குறள்களை உரையாகவே வைக்கலாம். "வேலன்று வென்றி தருவது மன்னவன் கோலதூஉங் கோடா தெனின்" என்பது 546. மன்னனுக்கு வெற்றி தருவது வேல் இல்லை, கோல், அதுவும் கோணாமல் இருந்தால். அடுத்த அதிகாரத்தில் 552: "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." வேலோடு வழியில் நிற்பவன் 'போடு' என்று மிரட்டுவதும், கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதும் ஒன்றுதான் என்கிறார் வள்ளுவர். கோலும் வேலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான், நிமிர்ந்து நிற்கும் ஒரு கம்பு. நுனியில் இரும்பு இருக்கிறதா என்பதே வித்தியாசம்.

அதிகாரம் 26தான் உச்சம். சவுல் பாளயத்தில் தூங்குகிறான். தலைமாட்டில் ஈட்டி தரையில் ஊன்றப்பட்டிருக்கிறது. அரசன் படுத்திருக்கும் இடத்தைக் காட்டும் கொடிபோல. தாவீதும் அவன் துணைவன் அபிசாயும் இரவில் நுழைகிறார்கள். "ஒரே குத்து, இரண்டாவது தேவைப்படாது" என்கிறான் அபிசாய். சவுல் இரண்டு முறை எறிந்து தவறவிட்டவன் என்பது நினைவிருந்தால் இந்தச் சொல் சுருக்கென்று தைக்கும். தாவீது மறுக்கிறான். ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்மலைக்குப் போய், ராஜாவின் ஈட்டி எங்கே என்று பாருங்கள் என்று கூவுகிறான். பிறகு, ஒரு வாலிபன் வந்து ஈட்டியை வாங்கிக்கொள்ளட்டும் என்கிறான். செம்பைத் திருப்பிக் கொடுத்ததாக வசனத்தில் இல்லை. ஈட்டி எனக்கு வேண்டாம் என்று சொல்வதுதான் அங்கே செய்தி.

கடைசியில் கில்போவா மலையில் சவுல் தன் ஈட்டியின்மேல் சாய்ந்து நின்றதாக ஒரு அமலேக்கிய வாலிபன் தாவீதிடம் சொல்கிறான். சவுல் தன் வாளின்மேல் விழுந்தான் என்பது அதற்கு முந்தைய அதிகாரத்தில் உள்ள விவரம். இரண்டும் முரணாகத்தான் நிற்கின்றன. ஆனாலும் வாலிபன் சொன்னதில் ஈட்டி ஊன்றுகோலாகிவிட்டது.

மின்னல், இலை, பிளவு

ஈட்டிக்கும் மின்னலுக்கும் உள்ள உறவை ஒரு நூல் மட்டும் சொல்லவில்லை. ரிக்வேதத்தில் மருத்துக்கள் புயல்கூட்டம். 5ஆம் மண்டலத்தின் 54ஆம் சூக்தத்தில் அவர்கள் தோளில் ஈட்டி, காலில் தண்டை, மார்பில் பொன், கையில் நெருப்பாய் ஒளிரும் மின்னல். மின்னலையே ஈட்டியாக உடையவர்கள் என்று பொருள்படும் 'ரிஷ்டிவித்யுத்' என்ற சொல்லும் அவர்களுக்கு உண்டு. விவிலியத்தின் ஆபகூக் 3:11இல் கடவுளின் ஈட்டியினுடைய மின்னலின் ஒளியில் சூரியனும் சந்திரனும் நின்றுவிடுகின்றன. திருமுருகாற்றுப்படையில் முருகனின் வேல் 'சுடரிலை நெடுவேல்'. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது என்று சொல்லத் தேவையில்லை. தீட்டிய இலையை வெயிலில் அசைத்தால் எந்த ஊரிலும் அது பளிச்சிடும். நீளக் கம்பின் உச்சியில் இருப்பதால் வாளைவிடத் தொலைவிலிருந்து தெரியும்.

முருகன் வேலில் ஒளியைவிட அகலம் முக்கியம். ஊசி போன்ற முனை துளைக்கும், அகன்ற இலை அறுத்துப் பிளக்கும். திருமுருகாற்றுப்படை 'சூர்முதல் தடிந்த' என்றும் 'மாமுதல் தடிந்த' என்றும் சொல்கிறது. தடிதல் என்றால் வெட்டுதல். குறுந்தொகையின் கடவுள் வாழ்த்து 'குன்றின் நெஞ்சுபக எறிந்த' என்கிறது, மலையின் நெஞ்சு பிளக்கும்படி எறிந்தது. கந்தபுராணத்தில் மாமரமாக நின்ற சூரன் இரண்டு கூறாகி, சேவலும் மயிலுமாகிறான். ஊசிமுனை துளைத்திருந்தால் இரண்டு கூறு ஏது?

அகன்ற இலையும் கூரிய நுனியும் நீண்ட காம்பும் அறிவின் அகலத்தையும் கூர்மையையும் ஆழத்தையும் குறிக்கின்றன என்ற விளக்கம் இந்த வடிவத்திலிருந்து எழுந்தது. வேலை ஞானசக்தி என்பதும் அந்த வழியில்தான். அழகான விளக்கம், பொருந்தவும் செய்கிறது. ஆனால் சங்கப் பாட்டின் வேலுக்குள் அதைத் திணிக்கும்போது சிக்கல் வருகிறது. அங்கே வேல் சூரைக் கொல்லும் ஆயுதம், வெறியாடும் வேலன் என்னும் பூசாரி கையில் ஏந்துவது. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் 'வேற்கோட்டம்' வருகிறது, பக்கத்திலேயே 'வச்சிரக் கோட்டம்'. ஆயுதத்தின் பெயராலேயே கோயில். ஒவ்வொரு காலத்தின் அடுக்கையும் அதனதன் இடத்தில் வைத்துப் படித்தால் ஒன்று மற்றதை மறைக்காது.

சொல்லில் வழுக்கும் இடங்கள்

சமஸ்கிருதத்தில் 'சக்தி' என்றால் ஆற்றல், ஈட்டி இரண்டுமே. ஆகவே இதிகாசத்தில் சக்தி என்று கண்டவுடன் அம்பிகையைத் தேடக் கூடாது. சல்லியனைத் தருமன் கொன்றதும் ஒரு சக்தியால்தான். இராவணன் இலக்குவன்மேல் எறிந்ததும் சக்திதான். சொல் பெண்பால் என்பதும் இரட்டைப் பொருள் உடையது என்பதும் சேர்ந்து, வேலே தேவியின் வடிவம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுத்தன. கந்தபுராணத்தில் வேலைத் தருபவர் சிவன், தாயிடம் பெற்றான் என்று சொல்லும் வழக்கும் இருக்கிறது.

'சூலம்' முதலில் ஒற்றைக் கூர்தான். ரிக்வேதத்தில் இறைச்சியைக் கோத்துச் சுடும் கம்பிக்கு அந்தப் பெயர். மூன்று கூர் என்று சொல்ல வேண்டுமானால் 'திரி' என்று முன்னால் சேர்க்க வேண்டியிருக்கிறது. குத்தும் வலிக்கும் அதே சொல், திருநாவுக்கரசரை வாட்டிய சூலை நோயை நினைத்துக்கொள்ளலாம்.

எபிரேயத்தில் மூன்று சொற்கள் அடிக்கடி வரும். 'ஹனித்' சவுலின் ஈட்டி. 'ரோமஹ்' பினெகாஸ் எடுத்தது. 'கீதோன்' கோலியாத்தின் தோள்களுக்கு நடுவிலும் யோசுவாவின் கையிலும் இருந்தது. கடைசிச் சொல்தான் தொல்லை. சில மொழிபெயர்ப்புகளில் ஈட்டி, சிலவற்றில் கேடயம். சாக்கடலருகே கிடைத்த கும்ரான் சுருள்களில் ஒன்று கீதோனுக்கு ஒன்றரை முழ நீளமும் நான்கு விரல் அகலமும் சொல்கிறது, அது வாளின் அளவு. ஆகவே யோசுவா நீட்டியது ஈட்டியாக இல்லாமலும் இருக்கலாம். நல்லவேளை, அங்கே பொருள் நீட்டிய கையில் இருக்கிறது.

குர்ஆன் 5:94இல் ஈட்டி போருக்கு வரவில்லை. புனிதப் பயணத்தின் இஹ்ராம் நிலையில் இருப்பவர்களுக்கு (அப்போது வேட்டை கூடாது), உங்கள் கைகளும் ஈட்டிகளும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளை வைத்து அல்லாஹ் சோதிப்பான் என்கிறது வசனம். கையையும் ஈட்டியையும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். ஈட்டி நீட்டிய கைதான். எட்டும் தொலைவில் இருந்தும் எடுக்காமல் இருப்பதே சோதனை.

பாலி நூல்களில் 'சத்தி' மனத்தைப் பற்றிய உவமையாகிறது. புத்தரின் உரைத்தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் ஒரு சுத்தம்: கூரிய அலகுள்ள ஈட்டி ஒன்று, ஒருவன் வந்து இதைக் கையால் மடக்குவேன், முஷ்டியால் சுருட்டுவேன் என்கிறான். முடியுமா? முடியாது, அவனுக்குத்தான் களைப்பும் துன்பமும். மைத்திரியை, அதாவது எல்லா உயிர்மேலும் அன்பை, பழகி வளர்த்த மனத்தை அசைக்க நினைப்பவன் கதியும் அதுவே. ஈட்டி இங்கே யாரையும் தாக்கவில்லை, சும்மா இருக்கிறது. அன்புக்கு ஈட்டிமுனையை உவமை சொன்னது விசித்திரமாகத் தோன்றும். அலகை விரலால் மடக்கிப் பார்க்க முயல்பவனுக்குத் தோன்றாது. அதே நிகாயத்தின் இன்னொரு பாட்டில் ஈட்டி உடம்பில் பாய்ந்தவன் போல, தலை பற்றி எரிபவன் போல, ஆசையை விட்டொழிக்கப் பிக்கு விழிப்போடு புறப்பட வேண்டும் என்று வருகிறது. ஈட்டி பாய்ந்தவனுக்கு வேறு வேலை நினைவுக்கு வராது.

மறுபடி உலைக்கு

ஏசாயா 2:4ஐ அறியாதவர் குறைவு. பட்டயங்களை மண்வெட்டிகளாகவும் ஈட்டிகளை அரிவாள்களாகவும் அடிப்பார்கள் என்கிறது பழைய தமிழ் விவிலியம். மூலத்தில் வாள் ஏர்க்கொழுவாகிறது, ஈட்டி திராட்சைக் கொடியைக் கவாத்து செய்யும் கத்தியாகிறது. ஏன் இந்தச் சோடி? இரும்பின் அளவைப் பாருங்கள். வாளில் இரும்பு நிறைய, கொழுவுக்கு அது வேண்டும். ஈட்டியின் இலை சின்னது, மெல்லியது, இரு பக்கமும் கூர் உள்ளது. ஒரு பக்கம் வளைத்து அடித்தால் கவாத்துக் கத்தி. குழலில் காம்பை மாற்றிச் செருகினால் போதும். கொல்லனுக்கு அரை நாள் வேலைகூட இல்லை. கனவு என்று படிக்கப்படும் அந்த வரி, பட்டறையில் அப்படியே செய்யக்கூடிய ஒன்று. சங்கீதம் 46:9இல் ஈட்டி முறிக்கப்படுவதோடு இதை ஒப்பிடலாம். அங்கே இரும்பு வீணாகிறது, இங்கே ஆகவில்லை.

இரும்பு இப்படி இரண்டு பக்கமும் போகும் என்பது இன்னொரு தீர்க்கதரிசியான யோவேலுக்கும் தெரிந்திருக்கிறது. 3:10இல் அவர் அதே வாக்கியத்தைத் தலைகீழாக்கி, கொழுக்களை வாள்களாகவும் கவாத்துக் கத்திகளை ஈட்டிகளாகவும் அடியுங்கள் என்கிறார். திரும்பி வரும்போது சொல் மட்டும் மாறியிருக்கிறது. ஏசாயாவில் உலைக்குள் போனது ஹனித், யோவேலில் வெளியே வருவது ரோமஹ், பினெகாஸ் கூடாரத்துக்குள் எடுத்துப் போனானே அதே சொல்.